பாகனில்லாத் தேர்

மேல்வகுப்பு மாணவர்க்கு மனுநீதிகண்ட சோழரின் வரலாற்றை யாம் ஒருநாள் கற்பித்துக்கொண்டிருந்தோம். பெரிய புராணத்துத் திருநகரச் சிறப்பிலே சேக்கிழார் பெருமான் அதனை விரித்துரைத்துள்ளார். அரசிளங்குமரன் தேரேறித் திருவாரூர் வீதியிலே வருகின்றான். இளங்கன்றொன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு மாய்கின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சிமணியைக் கொம்பினால் அசைக்கின்றது. கதை இவ்வளவுக்கு வந்தபோது பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "ஐயா, அமெரிக்காவிலே சாரதியில்லாத கார்கள் ஓடுகின்றனவாம். அந்தத் தேரை ஓட்டியவர் ஒருவருமில்லையென்றால் அரசன் யாரைத் தண்டித்திருப்பான்?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. யாமும் நகைத்தோம், ஆயினும் விடை கூற எம்மால் இயலவில்லை. "நாளை சொல்வோம்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். அந்த 'நாளை' வருவதற்குப் பல திங்கள் சென்றன. அவ்வினாவின் பொருட்டுப் படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் இவ்விழா மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

தானே செல்லும் ஊர்தி என்னுங் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாகன் செலுத்தாமலே விசும்பிற் செல்லும் ஊர்தியொன்றைப் புறநானூற்றிலே குறிப்பிடுகின்றார்; புலவராற் பாடப்பெறும் புகழுடையோர் மறுமையில் எய்தும் ஊர்தி அஃது. அது விண்ணிலுள்ளதாயின், மண்ணிலும் அத்தகையதொன்றை எம் முன்னோர் கண்டிருக்கின்றனர். சந்தைக்குச் சரக்கேற்றிச் சென்ற மாட்டு வண்டில் இரவிலே திரும்பும்போது வண்டிற்காரர் உறங்கிவிடுவார். எருதுகள் வழி தவறாமல் நடந்து வீட்டுப் படலையிலே வந்து நிற்கும். எருதுக்குக் கண்ணுண்டு, நினைவுண்டு, குழியைக் கண்டால் விலகும் அறிவுண்டு. மோட்டார் வண்டிக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. வண்டியினின்று விலங்கை அவிழ்த்துவிட்ட அன்றே அவ்விலங்கின் அறிவையும் அவிழ்த்துவிட்டோம். அன்று போன அறிவை இன்று பொறியினுள்ளே புகுத்த முயல்கின்றனர். இதுவே இம்முயற்சியின் சாரம்.

புதிய ஊர்தி தெருவுக்கு வருந்தோறும் மாந்தர் அஞ்சுதல் இயல்பு. பிரித்தானியாவிலே 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, தெருவிற் செல்லும் நீராவி ஊர்தி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும் நகர்ப்புறத்தில் 2 மைலுக்கும் மேற்படலாகாது எனவும், அதற்கு முன்னே 60 யார் தூரத்தில் ஒருவர் செங்கொடி ஏந்தி நடத்தல் வேண்டும் எனவும் விதித்தது. சிறு மோட்டார் ஊர்திகள் அக்கட்டுப்பாட்டினின்று விடுபட்டது 1896ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே இலண்டன் மாநகரிற் பெண்ணொருவர் காரில் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவிற் காரினால் மாண்ட முதற் பாதசாரி அவரே என்பர். இன்று உலகெங்கும் வீதி விபத்துக்களினால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மடிகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. செங்கொடி பிடித்தோரை நாம் எள்ளி நகைக்கின்றோம். அவர்தம் அச்சம் முற்றிலும் பொய்த்ததென்று கூறவியலுமா?

இனி, இவ்வூர்தி எங்ஙனம் ஓடுகின்றது என்பதை நோக்குவாம். சாரதியொருவன் செய்யுந் தொழில் நான்கு: காண்டல், கருதல், துணிதல், செய்தல். பொறியும் அந்நான்கையுஞ் செய்தல் வேண்டும்.

காண்டலுக்கு மூவகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று, நமது கண்ணைப்போல நிறத்தையும் எழுத்தையும் சமிக்ஞை விளக்கையும் காணும் ஒளிப்படக் கருவி. மற்றொன்று, வானொலி அலைகளை விடுத்து அவை பொருள்களிற் பட்டு மீள்வதைக் கொண்டு அவற்றின் தூரத்தையும் வேகத்தையும் அறியும் ராடார். மழையும் மூடுபனியும் இதனை எளிதிற் கெடுப்பதில்லை. மூன்றாவது லைடார். இது கண்ணுக்குப் புலனாகாத ஒளித்துடிப்புக்களை நாற்றிசையும் வீசி, அவை மீளுங் காலத்தை அளக்கின்றது. ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்ரிமீற்றர் செல்லும். ஆதலின், அத்துணைச் சிறு நேரத்தை அளக்க வல்ல கருவி, எதிரே நிற்பது மரமோ மனிதரோ என்பதன் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்துவிடுகின்றது.

கருதல் என்பது, கண்டது யாது, அஃது அடுத்து என் செய்யும் என்று உய்த்துணர்தல். இதுவே மிகக் கடினமானது. இலக்கண ஆசிரியன் சூத்திரங் கூறுவது போலக் 'குழந்தை எனப்படுவது யாதெனின்' என்று பொறிக்கு விதி கூறிவைத்தல் இயலாது. ஆகவே, இலட்சக்கணக்கான படங்களைக் காட்டி, இது குழந்தை, இது நாய், இது குப்பைத்தொட்டி எனப் பழக்குகின்றனர். சூத்திரங் கல்லாமலே தாய்மொழி பேசக் கற்கும் மதலையைப்போலப் பொறியும் எடுத்துக்காட்டுக்களாற் கற்கின்றது. நன்மையும் அதிலே, தீமையும் அதிலே. கற்றதைத் திறம்படச் செய்யும். காட்டப்படாததைக் கண்டவிடத்து மயங்கும்.

துணிதலிலும் செய்தலிலும் பொறி மனிதனை வெல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கின்றது. இடர் கண்ட மனிதன் பிறேக்கிலே காலை வைக்க ஒன்றரைச் செக்கன் ஆகுமெனின், அதற்கிடையில் 25 மீற்றர் சென்றுவிடும். பொறிக்கு அத்துணை நேரம் வேண்டுவதில்லை. அன்றியும், பொறி மது அருந்துவதில்லை, உறங்குவதில்லை, கைத்தொலைபேசியை நோக்குவதில்லை, முந்திச் சென்றவனைக் கண்டு சினங் கொள்வதுமில்லை.

இத்துறையின் வளர்ச்சி வியக்கத்தக்கது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவொன்று 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மொகாவிப் பாலைவனத்திலே ஆளில்லா ஊர்திகளுக்கு ஓட்டப்பந்தயமொன்றை வைத்தது. பரிசு 10 இலட்சம் டொலர். தூரம் 140 மைலுக்கு மேல். இறுதிப் பந்தயத்திற் கலந்துகொண்ட 15 ஊர்திகளுள் ஒன்றாயினும் எல்லையை எட்டவில்லை. முதன்மையாக ஓடியது 8 மைல் செல்லுமுன்னரே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் பந்தயம் நிகழ்ந்தபோது ஐந்து ஊர்திகள் 132 மைலையும் கடந்தன. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து 'ஸ்ரான்லி' 7 மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்து 20 இலட்சம் டொலர் பரிசைப் பெற்றது. 2007ஆம் ஆண்டிலே நகரத் தெருக்களை ஒத்த களத்தில் நடந்த பந்தயத்திற் கார்ணகி மெலன் பல்கலைக்கழகம் வென்றது. அம்மாணவரும் ஆசிரியரும் பலர் பின்னர்க் கூகிள் முதலிய நிறுவனங்களிற் சேர்ந்தனர். 2009இல் கூகிள் தொடங்கிய முயற்சி 2016இல் 'வேமோ' எனத் தனி நிறுவனமாயிற்று. 2020ஆம் ஆண்டு ஒக்டோபரிலே அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகர்ப்புறத்திற் பொதுமக்களைச் சாரதியின்றி ஏற்றிச் செல்லலாயிற்று. பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரங்களுக்கும் பரவியது.

பாலைவனத்திலே தனித்து ஓடுதல் வேறு. மனிதர் நடமாடும் தெருவில் ஓடுதல் வேறு. அன்றியும், மனிதன் ஓட்டும் ஊர்தி ஒரே நாளிற் பொறி ஓட்டும் ஊர்தியாக மாறிவிடவில்லை, இடைப்படிகள் பலவுள. அமெரிக்காவின் மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2014ஆம் ஆண்டில் அவற்றைச் சுழியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளாக வகுத்தது. சுழியத்திலே மனிதனே யாவுஞ் செய்வான். இரண்டாம் படியிலே பொறி சுக்கானையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும்; ஆயினும் மனிதன் கண்ணிமையாது காத்திருத்தல் வேண்டும். மூன்றாம் படியிலே மனிதன் வேறு கருமம் பார்க்கலாம். பொறி அழைத்தால் உடனே பொறுப்பேற்றல் வேண்டும். நான்காம் படியிலே குறித்த எல்லைக்குள் மனிதன் வேண்டப்படுவதே இல்லை. எவ்விடத்தும் எக்காலத்தும் தானே ஓடுவது ஐந்தாம் படி; அதனை இன்றுவரை எவரும் எட்டிலர்.

இப்படிகளுள் மிக்க இடருடையது எது? கடைசிப்படியன்று, இடைப்படியே. தானியங்கும் ஆலைகளை ஆராய்ந்த லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் அம்மையார் 1983ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். எளிய வேலை யாவற்றையும் பொறிக்கு விட்டு, அது தவறும் வேளையில் மட்டும் மனிதன் வந்து காக்கவேண்டும் என்கின்றோம். வாளாவிருந்தவன் கைத்திறனை மறப்பான், விழிப்பை இழப்பான், இடர் வந்த கணத்திலே எல்லாரினும் வல்லவனாக இருத்தல் வேண்டும் என்று அவனிடமே எதிர்பார்க்கின்றோம். ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் திறவாத மாணவனைப் பரீட்சையன்று மட்டும் எழுப்பிவிட்டு வினாவுக்கு விடையெழுதச் சொல்லுதல் போலும் இது.

2018ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆந் திகதி இரவு அரிசோனாவின் ரெம்பி நகரிலே நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார் தானே ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்கு ஒருவர் ஆசனத்தில் இருந்தார். பெண்மணியொருவர் துவிச்சக்கரவண்டியைக் கையால் உருட்டிக்கொண்டு, கடவை இல்லாத இடத்திலே தெருவைக் கடந்தார். கார் அவரை மோதியது, அவர் இறந்தார். தானே ஓடும் ஊர்தியாற் பாதசாரி மாண்ட முதல் நிகழ்ச்சி இதுவெனப்படும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை நுணுகி ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. மோதுவதற்கு 5.6 செக்கனுக்கு முன்னரே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. அவ்வேகத்திலே அது 100 மீற்றருக்கு மேற்பட்ட தூரம். கண்டும் என்? வேறேதோ பொருள் என்றும், வாகனம் என்றும், துவிச்சக்கரவண்டி என்றும் பொறி மாறி மாறி எண்ணியது. எண்ணம் மாறுந்தோறும் அவர் அதுவரை நடந்து வந்த வழியை மறந்தது. கடவையல்லாத இடத்திலும் மனிதர் தெருவைக் கடப்பர் என்பதை அதனை ஆக்கினோர் அதற்குக் கற்பித்திலர். காரினுள்ளே அதனைச் செய்தோர் வைத்திருந்த தன்னியக்க பிறேக்கோ, பொறி ஓட்டும் வேளையிலே செயற்படாதவாறு நிறுத்தப்பட்டிருந்தது. ஆசனத்தில் இருந்தவர் கைத்தொலைபேசியை நோக்கிக்கொண்டிருந்தார்.

இனி எம் மாணவனின் வினாவுக்கு வருவாம். யார் தண்டிக்கப்பட்டனர்? நிறுவனத்தின்மீது குற்றவழக்குத் தொடர இடமில்லை என அரச வழக்கறிஞர் 2019இல் முடிவு செய்தார். இறந்தவரின் குடும்பத்தினரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆசனத்திலிருந்த ஊழியர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டில் அவர் குற்றத்தை ஏற்றார். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவர்பாற் குற்றமில்லை என்று யாம் கூறோம். ஆயினும் ஆராய்ச்சிச் சபையோ, நிறுவனத்தின் பாதுகாப்பு முறைகள் போதாமையையும் மாநில அரசின் மேற்பார்வைக் குறைவையும் உடன்காரணங்களாக எடுத்துரைத்தது. தேரை ஆக்கியவரும் விடுத்தவரும் விலகி நிற்க, தேரிலே கூலிக்கு அமர்ந்திருந்தவர் மட்டும் மன்றிலே நின்றார்.

இரண்டாவது நிகழ்ச்சி சான் பிரான்சிஸ்கோவில் 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி நடந்தது. மனிதர் ஓட்டிய காரொன்று பெண்ணொருவரை மோதிவிட்டு நில்லாமற் சென்றது. அவர் தூக்கியெறியப்பட்டுக் 'குறூஸ்' நிறுவனத்தின் சாரதியில்லாக் காரின் முன்னே வீழ்ந்தார். அக்கார் பிறேக்கிட்டது, எனினும் அவர்மேல் மோதிய பின்னரே நின்றது. பின்னர் நிகழ்ந்ததே கொடிது. மோதல் நேர்ந்தால் தெருவோரத்துக்கு ஒதுங்குக என அதற்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. தனக்கடியில் ஒருயிர் கிடக்கின்றதென அறியாத கார், கற்றவாறே ஒதுங்க முயன்று, அவரை ஏறக்குறைய 20 அடி இழுத்துச் சென்றது. மனிதன் ஓட்டியிருப்பின் ஓலங் கேட்டு நிறுத்தியிருப்பான். எருதாயினும் நின்றிருக்கும்.

அந்நிறுவனம் இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளுக்கு முறையாக எடுத்துரைக்கவில்லை. கலிபோர்ணியா மாநிலம் அம்மாதம் 24ஆந் திகதி அதன் அனுமதியை இடைநிறுத்தியது. உண்மையல்லாத அறிக்கை கொடுத்ததை 2024ஆம் ஆண்டு நவெம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டு 5 இலட்சம் டொலர் தண்டம் இறுக்க உடன்பட்டது. அடுத்த மாதமே, அதன் உரிமையாளராகிய ஜெனரல் மோட்டேர்ஸ் அத்தொழிலுக்குப் பொருளீதலை நிறுத்திற்று. பொறியின் பிழையினும் மாந்தரின் மறைப்பே அதனைக் கெடுத்தது என்பது தெளிவு.

இத்துணையுங் கேட்டோர், இவ்வூர்திகளைத் தெருவிலே விடலாகாது என்று துணிதல் கூடும். அங்ஙனந் துணிதலும் நீதியன்று. மேலே கூறிய 11 இலட்சத்து 90 ஆயிரம் உயிர்களை மறத்தலாகாது. கன்றுகள் நாள்தோறும் மாய்கின்றன. வழக்கமாகிவிட்டமையின் மணியொலி நமது செவியில் ஏறுவதில்லை. வேமோ ஊர்திகளின் ஓட்டத்தை ஆராய்ந்து அந்நிறுவனத்தார் வெளியிட்ட கணக்குக்களின்படி, காயம் விளைக்கும் மோதல்கள் மனிதர் ஓட்டும் ஊர்திகளினும் மிகக் குறைவு. அவை நிறுவனத்தாரே தெரிந்தெடுத்த நகரங்களின் கணக்குக்கள் என்பதையும் உடன்நினைத்தல் வேண்டும். அமெரிக்காவிலே மனிதர் ஏறக்குறைய 10 கோடி மைல் ஓட்டுவதற்கு ஓருயிர் போகின்றது. ஆகவே உயிரிழப்பைப் பொறி குறைக்கின்றது என்று நிறுவ, ஒருவரும் மாளாதபடி 27 கோடியே 50 இலட்சம் மைல் ஓடிக்காட்டுதல் வேண்டும் என ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் கணித்தது. நம்பிக்கையும் ஐயமும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

பயனடைவோரையும் எண்ணுவோம். 2015ஆம் ஆண்டிலே ஒஸ்ரின் நகரிற் கண்பார்வையற்ற ஒருவர், சுக்கானே இல்லாத சிறு காரொன்றிலே தன்னந்தனியாகத் தெருவழியே சென்றார். யப்பான் நாட்டின் எய்கெய்ஜி என்னும் சிற்றூரிலே பழைய புகைவண்டிப் பாதையொன்றில், மணிக்கு 12 கிலோமீற்றருக்கு மேற்படாத சிறு வண்டிகள் 2023ஆம் ஆண்டு மே மாதந் தொடக்கம் நான்காம் படியிலே மக்களை ஏற்றிச் சென்றன. அவ்வாண்டு ஒக்டோபரிலே தரித்து நின்ற துவிச்சக்கரவண்டியொன்றில் அவற்றுளொன்று முட்டியது. யாருக்கும் காயமில்லை, ஆயினும் சேவையை நிறுத்தினர், குறையை ஆராய்ந்து திருத்தினர், 2024 மார்ச்சு மாதத்தில் மீண்டுந் தொடங்கினர். விரைவாலன்றிப் பணிவாலும் இப்பொறியை வளர்க்கலாம் என்பதற்கு அச்சிற்றூர் சான்று.

சட்டங்களும் மெல்ல விழித்துள்ளன. ஜேர்மனி 2021ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், வரையறுத்த பகுதிகளிலே சாரதியில்லா ஊர்திகளை அனுமதித்தபோது, தொழினுட்ப மேற்பார்வையாளராக ஒரு மனிதர் இருத்தல் வேண்டும் என விதித்தது. பிரித்தானியா 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேற்றிய சட்டம் இன்னுந் தெளிவானது. ஊர்தி தானே ஓடுகையில் அதன் ஓட்டத்தால் வருங் குற்றத்துக்கு உள்ளிருப்பவர் பொறுப்பாளியல்லர். அவ்வூர்திக்கு அதிகாரம் பெற்ற நிறுவனமே பொறுப்பாளி. அன்றியும், கவனமும் திறமையும் வாய்ந்த மனிதச் சாரதிக்குக் குறையாத பாதுகாப்பு அவ்வூர்திக்கு இருத்தல் வேண்டும் என்பதையும் அச்சட்டம் அளவுகோலாகக் கொண்டது. ரெம்பி நகரத்து வழக்கிலே காணாத நீதி இங்கே அரும்புகின்றது.

இம்மாற்றத்தினால் தொழிலிழப்போர் யாவர்? உலகெங்கும் வாடகைக்காரும் லொறியும் ஓட்டிப் பிழைக்கும் எளிய மக்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலே வாடகைக்கார் ஓட்டிப் பிள்ளைகளைக் கற்பித்த எம்மவரும் அவருட் பலர். உயிர் காக்கும் பொறி என்று போற்றும்போது, அவர்தம் சோற்றையும் கருதுதல் அறம்.

எமது தெருக்களுக்கு இவ்வூர்தி என்று வருமென ஆரூடங் கூற யாம் முயலவில்லை. ஆனால் அது வருமுன் ஒன்றைத் தெளிதல் வேண்டும். பொறி காட்டியதையே கற்கும் என்றோம். பிற நாட்டுத் தெருவிலே கற்ற பொறிக்கு, தெருநடுவே படுத்திருக்கும் மாட்டையும், எதிர்ப்புறத்தால் வரும் துவிச்சக்கரவண்டியையும், வெள்ளை ஆடையோடு கூட்டமாக வீதி கடக்கும் பள்ளிச் சிறுவரையும், வடக்கயிறு பிடித்து வரும் தேர்த்திருவிழாக் கூட்டத்தையும் யார் காட்டினார்? கற்பியாமல் விட்டதைப் பொறியின் குற்றமென்றல் தகாது.

இப்பொழுது எம் மாணவனுக்குரிய விடையைக் கூறுவாம். அமைச்சர் முன்னோர் விதித்த கழுவாய் உண்டென்றபோது சோழர் உடன்பட்டாரல்லர். பிறனொருவன் கன்றைக் கொன்றால் ஒரு நீதி, தம் மைந்தன் கொன்றால் வேறொரு நீதியா என்று வினவினார். தம்மாலும் தம்மைச் சார்ந்தோராலும் உயிர்களுக்கு வரும் அச்சத்தை நீக்குதல் அரசன் கடனென்று உணர்ந்தார். அவர் வரலாற்றிலிருந்து மூன்று விதிகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, மணி கட்டப்பட்டிருத்தல் வேண்டும்: வாயில்லாப் பசுவும் முறையிடுதற்கு வழியிருத்தல் போல, ஒவ்வொரு விபத்தின் உண்மையும் ஒளிவின்றி வெளிவருதல் வேண்டும். இரண்டாவது, நீதி ஆசனத்திலிருந்த கூலியாளோடு நின்றுவிடாது, தேரை ஆக்கி வீதியில் விட்டவர்வரை ஏறுதல் வேண்டும். பொறியிலே எழுதியோரும் ஏவியோரும் இக்காலத்துப் பரிசனமல்லரோ? மூன்றாவது, செல்வருக்கும் எளியவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

ஆகவே, தம்பி, பாகனில்லாத் தேர் என்று ஒன்று உலகிலே இல்லை. பாகன் தேரிலே இருந்த காலம் போய், எங்கோ தொலைவிலே ஓரறையிலே இருக்கின்றான். அவனைத் தேடிக் கண்டு வினவுதலே இனி அரசின் கடன்.

யாம் இவ்விடையைக் கூறியபோது அம்மாணவன் சிறிது சிந்தித்து, "அந்த அறையிலே நாங்களும் இருக்கலாமோ, ஐயா?" என்றான். இருக்கலாம். இக்கல்லூரியினின்று சென்று உலகெங்கும் பொறியியலாளராக விளங்கும் பழைய மாணவர் பலர். அவருள் எவரேனும் அத்தகைய அறையிலே இருப்பாராயின், அவர் செவியிலே திருவாரூர்ப் பசுவின் மணியோசை என்றும் ஒலித்தல் வேண்டும் என்பதே அவர்க்குத் தமிழ் கற்பித்தோரின் வேண்டுகோள்.